பயத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று

"சிரிக்கணுமாக்கா?"

"வேணாம்."

"நேரா பாக்கட்டுமா?"

"எங்கனா பாரு. அது கெடக்கட்டும், உங்க வூட்ல யாரு ஜாஸ்தியா கொறட்ட வுடுவாங்க?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தீபா விழித்தாள். கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண்மணியோ, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்போல அவசரமாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"எங்க நைனா," என்றாள் தீபா, வாய்க்குள்ளேயே.

"சத்தம் எப்டி? ரைஸ் மில்லா, பஸ்ஸா?"

"பஸ்ஸு."

"நின்னுகினு இருக்கற பஸ்ஸா, ஓடற பஸ்ஸா?"

"மேடு ஏர்ற பஸ்ஸு."

"ஒத்துக்குவாரா?"

"எங்க ஒத்துக்கறாரு! நாள் பூரா தறி சத்தம் கேட்டுக் கேட்டு உங்க காதுதான் கெட்டுப்போச்சுன்றாரு. எங்கம்மா உடனே..."

க்ளிக்.

"ஆச்சு. எழுந்திரு."

"அக்கா, நான் இன்னும் ரெடியே ஆவல!"

"அதுக்குள்ள எடுக்கலன்னா ரெடியாயிடுவியே!"

1998ஆம் வருடம், ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்த சமயம். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஒரு ஸ்டுடியோவில் நடந்த பேச்சு இது. சேவூருக்குத் திரும்பியதும் தீபா இதை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் சொல்லிக் காட்டினாள். கேட்டால் மட்டும் வாய் திறக்கிற பெண், யாரும் கேட்காமலே இவ்வளவு பேசியது அந்த வீட்டுக்குப் புதிது. அப்பா சுப்பராயலு நாடா ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தறிக்குழியிலிருந்து தலையை நீட்டினார்.

"என் கொறட்டைய ஆரணி வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டியா?"

"ஆரணிக்கு ஏற்கெனவே கேட்டுகினுதான் இருக்குது நைனா," என்றான் அண்ணன் சிவகுமார்.

படம் கைக்கு வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. படத்தில் தீபா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நொடி சிரித்துவிடுவாள் என்பது பார்க்கிற யாருக்கும் தெரிந்தது. அம்மா கன்னியம்மாள் அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"அய்ய! இது நம்ம தீபாவேதான்!" என்று கத்தினார், அதுவரை எடுத்த படங்களிலெல்லாம் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததுபோல.

அந்தப் படத்தை எடுத்தவர் பெயர் சாவித்திரி. பிறந்த ஊர் படவேடு. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாளைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் வந்து இறங்குகிற இடம். அங்கே ஒவ்வொரு ஆடிக்கும் முருகேசன் என்கிற இளைஞர் கூடாரம் அடித்து, தோட்டமும் நீர்வீழ்ச்சியும் வரைந்த திரையைத் தொங்கவிட்டு, குடும்பங்களைப் படம் எடுப்பார். சாவித்திரியின் வீட்டு நிலத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண், நாற்று நடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கே வேடிக்கை பார்ப்பாள். கூடாரத்துக்கு வெளியே, படத்துக்கு வந்தவர்கள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஒருவரை ஒருவர் கேலி செய்தபடி நிற்பார்கள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டிக்கொள்வார்கள். உள்ளே போனதும் அத்தனை பேரும் கல்லாகிவிடுவார்கள். வெளியே வந்தால் மறுபடியும் சிரிப்பு.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் முருகேசனிடம் சொல்லிவிட்டாள்: "படம் வெளியில நடந்துகினு இருக்குது. நீங்க உள்ள இன்னாத்தங்க எடுத்துகினு இருக்கீங்க?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெண் கேட்டுப் போனேன் என்று முருகேசன் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் தினம் கேட்கவேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது என்றும் சேர்த்துச் சொல்லுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் கல்யாண வீடியோ ஆசை கிளம்பியது. முருகேசன் பெரிய விளக்கையும் வீடியோ கேமராவையும் தோளில் சுமந்து மண்டபம் மண்டபமாக ஓடினார். அவருடைய ஆரணி ஸ்டுடியோவும் பழைய கேமராவும் சாவித்திரி கைக்கு வந்தன. வந்ததும் அவர் செய்த முதல் வேலை, நீர்வீழ்ச்சித் திரையைச் சுருட்டிப் பரணில் போட்டது. இரண்டாவது வேலை, டி.வி.எஸ். ஃபிப்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. குடும்பப் படம் வேண்டுமென்று வருகிறவர்களிடம், "நீங்க வரவேணாம், நானே உங்க வூட்டுக்கு வரேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போனாலும் கேமராவை உடனே எடுக்கமாட்டார். பையை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நடுவில் வைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டே கதை பேசுவார். பையைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குச் சலித்த பிறகுதான் கேமரா வெளியே வரும். அப்போதும் ஒரு தந்திரம் உண்டு. எல்லாரும் மூச்சைப் பிடித்து விறைத்து நிற்கையில், ஃப்ளாஷின் முதுகில் இருக்கிற பொத்தானை மட்டும் அமுக்குவார். வெளிச்சம் அடிக்கும், படம் விழாது. "அவ்ளோதான், ஆயிடுச்சு" என்பார். உடனே தோள்கள் இறங்கும், அப்பா பெருமூச்சு விடுவார், யாராவது யாரையாவது கிள்ளுவார்கள். உண்மையான படம் அப்போதுதான் எடுபடும்.

"பயத்துக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு," என்பார் சாவித்திரி.

ஆனால் ஊர் அதற்கு இன்னும் பழகவில்லை. ரைஸ் மில் கணக்கர் வீட்டுப் படம் திரும்பி வந்தது. அவர் அதில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மில்லில் யாரும் இனி தன்னை மதிக்கமாட்டார்கள் என்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டுப் படமும் திரும்பியது.

"என் வீட்டம்மா கேமராவப் பாக்காம என்னையே பாத்துகினு இருக்காங்க. நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"உங்க மேல பொறாமப்படுவாங்க சார்."

வாத்தியார் சிரிக்கவில்லை. படத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது முருகேசன் பேச்சை எடுத்தார். வீடியோவில் பாட்டுச் சேர்க்கவும் எழுத்து ஓடவிடவும் மிக்ஸிங் ரூம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. ஸ்டுடியோ அறையை அதற்கு மாற்றிவிடலாம், சாவித்திரி கவுண்டரில் உட்கார்ந்து கேசட்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். கேமராவை விடச் சொல்கிறார் என்று சாவித்திரிக்குப் புரிந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு வூடு," என்றார் முருகேசன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஒரே ஒரு வூட்ல உன் படத்த ஃப்ரேம் போட்டு முன் ரூம்ல மாட்டட்டும். நான் வாயத் தொறக்கல. தை மாசம் கல்யாணம்லாம் ஆரம்பிக்கறதுக்குள்ள."

இந்தப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், கையில் மகளின் பாஸ்போர்ட் படத்தோடு தீபாவையும் கூட்டிக்கொண்டு கன்னியம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். சிவகுமாருக்குப் பெங்களூரில் விசைத்தறி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அவன் கிளம்புவதற்குள் நாலு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு படம் வேண்டும்; அந்த வீட்டில் அப்படி ஒன்று இதுவரை இல்லை.

"பெரிசாவே போடு. செவுத்துல மாட்றாப்பல," என்றார் கன்னியம்மாள்.

சாவித்திரி கவுண்டரைத் தாண்டி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று தாய்க்கும் மகளுக்கும் அப்போது விளங்கவில்லை. விளங்காதபடி வைத்திருக்க சாவித்திரிக்கும் தெரியவில்லை. மிக்ஸிங் ரூம் கதை முழுவதையும் அங்கேயே நின்று கொட்டிவிட்டார்.

"தோ பாருக்கா, உன் செவுரு என் பொழப்பு," என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய டி.வி.எஸ். ஃபிப்டி சேவூர்த் தெருவுக்குள் நுழைந்ததிலிருந்தே தீபாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. காபி வந்தது. பை கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது. குறட்டை விஷயத்தைச் சாவித்திரி நேராகச் சுப்பராயலுவிடமே கேட்டுவிட்டார்.

"அண்ணா, மேடு ஏர்ற பஸ்ஸு நீங்கதானா?"

"ஏம்மா, வந்ததும் வராததுமா..." என்று ஆரம்பித்தவர் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டார். சிவகுமார் பஸ் மேடு ஏறுகிற மாதிரி சத்தமே போட்டுக் காட்டினான். வீடு கலகலத்தது.

அப்போது உள் அறையிலிருந்து கன்னியம்மாள் வந்தார். அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர், கை அகலத்துக்குச் சரிகை. கூடமே வெளிச்சமானது. ஆனால் கலகலப்பு அத்தோடு நின்றது.

"உக்காருக்கா."

"இல்லம்மா, நிக்கறேன்."

"பாயிலதானே? அண்ணன் பக்கத்துல சும்மா உக்காரு."

"நின்னாதான் பார்டர் தெரியும்."

நின்றார். இரண்டு கைகளும் உடம்பைத் தொடாமல் விலகி நின்றன, ஈரச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்போல. சாவித்திரி பயத்துக்கு ஒன்று அடித்தார். "ஆயிடுச்சு" என்றார். சுப்பராயலுவின் தோள் இறங்கியது, சிவகுமார் கொட்டாவி விட்டான். கன்னியம்மாள் அசையவில்லை. இன்னொரு பொய் வெளிச்சம் அடித்தார். பயனில்லை. மூவர் சிரிக்க, நடுவில் ஒருவர் தூணாக நின்றார். சாவித்திரி அவர்களைத் தறி அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடி ஓடு வழியாக அருமையான வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. தறிக்கட்டையில் சாய்ந்து நிற்கச் சொன்னார். கன்னியம்மாள் சாய்கிற மாதிரி காட்டினார். முதுகுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கை நுழையும். வெற்றிலை வேண்டுமா என்று கேட்டார். பட்டில் கறை பட்டுவிடும் என்று வேண்டாமென்றார். தெருவில் ஓடிய கோழியைக் காட்டினார். மணி என்ன ஆகிறது என்று மட்டும் கன்னியம்மாள் கேட்டார்.

சாவித்திரி கேமராவை இறக்கினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது மாட்டி வைத்த சிரிப்பு என்பதைத் தீபா கண்டுகொண்டாள். இந்தப் படமும் வராமல் போனால் என்ன ஆகும் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்கா கவுண்டரில் உட்கார்ந்து கேசட் தேய்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். காரணம் தனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் நிற்கிறோமே என்றிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"அந்த சேலை எங்களுது இல்லக்கா."

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"நூலு குடுக்கற மொதலாளியோடது. நைனா நேத்துதான் தறியிலேருந்து அறுத்தாரு. மத்தியானம் கொண்டுபோய்க் குடுக்கணும். வேர்வ படக்கூடாது, மடிப்பு கலையக்கூடாது. அதான் அம்மா..."

"தீபா!" என்றார் சுப்பராயலு. அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "வாயே தொறக்காத பொண்ணு, தொறந்தா இப்டியா?"

கன்னியம்மாள் தரையைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு எடுத்த பட்டு எப்பவோ போச்சு தங்கச்சி. பட்டு நெய்யற வூட்ல பட்டு இல்லாம எப்டி படம் எடுத்துக்கறது? உள்ள என் சேலை மேலயேதான் சுத்தியிருக்கேன். உடம்புல படவே இல்ல."

ஒரு சேலைக்கு மேல் இன்னொரு சேலை! சாவித்திரி வாயைப் பிளந்தார். பிறகு அப்படியே தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று தீபா பயந்தாள். இல்லை, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே! இத்தன வருஷமா ஸ்டுடியோவுக்கு வந்த தறிக்காரப் பொம்பளைங்க அத்தன பேரும் கைய இப்டி தூக்கினு நின்னாங்களே! ‘கைய எறக்குங்கம்மா, கைய எறக்குங்கம்மா’ன்னு எங்க வூட்டுக்காரரு தொண்ட கிழியக் கத்துனாரே! கேமராவப் பாத்து பயப்படறாங்கன்னு நெனச்சேனே! யாருக்கா கேமராவுக்கு பயந்தது? எல்லாரும் சேலைக்கு பயந்துகினு இருந்திருக்கீங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் கன்னியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து சாவித்திரி சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அவுத்துடுக்கா. உள்ள இருக்கற உன் சேலையே போதும்."

"வூட்டு சேலையிலயா? போட்டோவுக்கா? ஊரு சிரிக்காது?"

"நீ சிரிச்சா போதும், ஊர அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இத அவுத்து மடிச்சு வை. உனக்கும் நிம்மதி. படம் எடுக்கறதா வேணாமான்னு அப்பால பேசிக்கலாம்."

நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் மெல்லச் சுற்றிச் சுற்றிப் பட்டை அவிழ்த்தார். உள்ளே நீலப் பூப்போட்ட பருத்தி வாயில் சேலை. பட்டை மடிக்க அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு மூலையாக நாலு பேரும் தாமாகவே வந்து பிடித்தார்கள். தறி அறையிலிருந்து கூடம் வரை பட்டு விறைத்து நீண்டது. இனி அவர்கள் கண்ணில் சாவித்திரியும் இல்லை, கேமராவும் இல்லை. பழைய மடிப்புத் தடத்திலேயே புது மடிப்பு விழவேண்டும். ஒரு நூல் தப்பினாலும் கொடுக்கிற இடத்தில் தெரிந்துவிடும்.

"சிவா, உன் பக்கம் தொங்குது."

"நீ ஜாஸ்தி இழுக்கற நைனா. தொங்கறாப்பல உனக்குத் தெரியுது."

"பெங்களூருக்குப் போறவனுக்கு ஒரு சேலைய இழுத்துப் புடிக்க துப்பு இல்ல. அங்க போயி மெசினுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"மெசினு கொறட்ட வுடாது, அது போதும் எனக்கு."

கன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் அவர் பிடித்திருந்த மூலை நழுவியது. தீபா பாய்ந்து அதைத் தரை தொடாமல் பிடித்தாள். "அம்மா! சரிகை! சரிகை!" என்று அவள் கத்த, சுப்பராயலு தன் மூலையை விடாமலே எட்டி மனைவியின் முழங்கையைத் தாங்க, சிவகுமார் தீபா விட்டுவிட்டுப் போன மூலையையும் தன் மூலையையும் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கிய வெளிச்சம் பட்டின் நீளத்துக்கும் ஓடி நாலு முகத்திலும் ஏறியது.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

ஃப்ளாஷ் போடவே இல்லை. அதனால் யாருக்கும் தெரியவே இல்லை. சேலை கைக்கு அடக்கமாக மடிந்து காகிதத்துக்குள் போன பிறகுதான் கன்னியம்மாள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சரி வா, படத்த எடுத்துடலாமா?"

"எடுத்தாச்சுக்கா," என்றார் சாவித்திரி. ஆடிக்கூழுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். "எடுத்தாச்சு! ரோலு இன்னிக்கே வேலூர் பஸ்ஸுல போவுது!"

ரோல் வேலூர் லேபுக்குப் போய்க் கழுவி வரும்வரை ஸ்டுடியோ பக்கம் தீபா எத்தனை முறை போனாள் என்பதற்குக் கணக்கில்லை. வந்த அன்று அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் முருகேசனும் இருந்தார். படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாவித்திரி இது, துணி மடிக்கறத படம் எடுத்துகினு வந்திருக்க? ஒருத்தராவது இந்தப் பக்கம் பாக்கறாங்களா?"

சாவித்திரி கன்னியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் படத்தை வாங்கி முந்தானையால் ஒருதரம் துடைத்தார். மகன் கழுத்தில் சேலையோடு நிற்பதைத் தொட்டார். கணவரின் கை தன் முழங்கையைத் தாங்கியிருப்பதைத் தொட்டார்.

"இவுரு என்னப் புடிச்சாராடி?"

"புடிச்சாரும்மா."

"எனக்குத் தெரியவே இல்ல பாரு."

அவர் கண் நிறைந்தது. சாவித்திரி வெற்றிபெற்றுவிட்டார் என்றே தீபா நினைத்தாள். ஆனால் உடனே கன்னியம்மாளின் முகம் மாறியது. "ஆசையில கேட்டுட்டேன், முன் ரூம்ல எப்டி மாட்றது? மொதலாளி ஆளு தணிகாசலம் வாரா வாரம் வந்து உக்கார்ற எடமாச்சே. சேலை தெரியுதே!"

அந்தத் தெருவில் பட்டுடுத்தி எடுத்த படங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்தான் கிடந்தன. கல்யாணம் கார்த்திகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். காரணம் இதுதான். சாவித்திரி கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். முருகேசன் ‘பார்த்தாயா’ என்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

தீபா படத்தை மறுபடி பார்த்தாள். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"அம்மா, இதுல நீ கட்டிகினா இருக்க? மடிச்சிகினுதானே இருக்க! நெய்யறவங்க மடிக்காம வேற யாரு மடிப்பாங்க? தணிகாசலம் பாத்தா இன்னா, மொதலாளியே வந்து பாத்தா இன்னா?"

கன்னியம்மாள் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ஆமாண்டி!" என்றார். "ஆமா! பொட்டிக்குள்ள வெக்க வேணாம்டி!"

சாவித்திரி கவுண்டரைச் சுற்றி வரக்கூடப் பொறுக்காமல் அதன் மேலாகவே எட்டித் தீபாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

சேவூர் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், கடிகாரத்துக்குக் கீழே படம் ஏறியது. முதலில் வந்து பார்த்தவர் தணிகாசலம்தான். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பரவால்லியே, சரிகை தரையில படாம நல்லா புடிச்சிகினு இருக்கீங்க," என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பும்வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு, பிறகு வீட்டையே குலுக்கியது. அடுத்து வந்தவர் முருகேசன். வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஃப்ரேமு கோணலா இருக்குது," என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூல் மேல் ஏறித் தானே நேராக்கினார். இறங்கும்போது யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "மிக்ஸிங் ரூம மாடியில போட்டுக்கலாம். காத்தோட்டமா இருக்கும்."

அதன் பிறகு பல வருடம் சாவித்திரியின் கை கேமராவை விட்டு இறங்கவில்லை. தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற இடத்தில், களத்து மேட்டில், இட்லிச் சட்டிக்கு முன்னால், கூரை மாற்றுகிற நாளில் என்று ஆரணியைச் சுற்றியுள்ள வீடுகளில் அவர் எடுத்த படங்கள் முன் அறைகளுக்கு வந்தன. தீபாவின் கல்யாணத்திலும் மேடைப் படங்களை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, மாப்பிள்ளை பந்தியில் மோர் மிளகாயைக் கடித்துத் திணறியதைத்தான் எடுத்தார். அவன் அலுவலக மேசையில் இன்றும் இருப்பது அந்தப் படம். டிஜிட்டல் கேமரா வந்தபோது சாவித்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோல் தீருமே என்ற கவலை இல்லை, வேலூர் பஸ் இல்லை! ஆனால் எடுத்ததும் எல்லாரும் ஓடிவந்து பின்னால் இருக்கிற திரையில் தங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி போய் விறைத்து நின்றார்கள். கறுப்பு டேப்பைக் கிழித்துத் திரைமேல் ஒட்டிவிட்டார். புது கேமராவுக்கா டேப் போடுவது என்று முருகேசன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதெல்லாம் பிற்பாடு. முருகேசன் ஃப்ரேமை நேராக்கிவிட்டுப் போன அன்று மாலையே சாவித்திரி சேவூருக்கு வந்துவிட்டார். வண்டியை நிறுத்தக்கூடப் பொறுமையில்லை. என்ஜின் ஓட ஓட வாசலில் நின்றே தீபாவைக் கூப்பிட்டார். காற்றில் கலைந்த முடியும் வேர்வையுமாக முகம் மின்னியது. பக்கத்துத் தெருவில் ஒரு தறி வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். அதற்கடுத்த தெருவில் இன்னொரு வீடாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"தீபா, ஜல்தியா ஒண்ணு கேக்கறேன், இல்லன்னு சொல்லாத. நாளைக்கு அந்த வூட்டுக்கு நான் போறப்ப நீயும் கூட வரியா? நீ ஒண்ணும் பேச வேணாம், ஒரு ஓரமா உக்காந்துகினு இருந்தா போதும். உனக்குப் பாத்தாலே தெரியும். அந்தம்மா கட்டிகினு இருக்கற சேலை அவங்களுதா, மொதலாளியோடதான்னு எனக்கு மட்டும் கண்ணால காட்டு. அவங்க வாயால அத சொல்ல வெக்கக் கூடாது."